கைதி எண் 77

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் மூட்டை 40 கிலோ. காவாந்தண்டலம் கிராமத்துப் பக்கம் அதை ஒற்றை ஆளாய்த் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். 1941 மார்ச்சில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குத்துச்சண்டைக்கு நின்ற ததேயுஷ் பியெட்ஷிகோவ்ஸ்கியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். எதிரே நின்ற ஜெர்மன் கங்காணி வால்டர் டூனிங்குக்கு 70 கிலோ இருக்கும்.

'டெடி' என்று அழைக்கப்பட்ட ததேயுஷ் போருக்கு முன் வார்சாவின் பேண்டம்வெயிட் சாம்பியன். புகழ்பெற்ற பெலிக்ஸ் ஸ்டாமிடம் பயிற்சி பெற்றவர். ஜெர்மனி போலந்தைப் பிடித்ததும், பிரான்ஸில் திரண்ட போலந்துப் படையில் சேரக் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டார். 1940 ஜூன் 14 அன்று ஆஷ்விட்ஸுக்குப் போலந்துக் கைதிகளை ஏற்றி வந்த முதல் ரயிலில் 728 பேர். அவர்களில் இவர் எண் 77.

டூனிங்கோடு மோதினால் செத்துப்போவாய் என்று சுற்றியிருந்தவர்கள் எச்சரித்தார்கள். பசித்தவனுக்கு அது காதில் விழவில்லை. கையுறை என்று கிடைத்தது வேலைக்கு மாட்டும் உறைதான். இடி மாதிரி வந்த குத்துகளிலிருந்தெல்லாம் நழுவி, இடக்கையால் குத்தி டூனிங்குக்கு ரத்தம் வரவைத்தார் டெடி. டூனிங்கே சண்டையை நிறுத்திக் கைகொடுத்தார். பரிசு: ரொட்டியும் மார்கரினும். கூடவே மாட்டுக்கொட்டில் வேலை. அங்கே கூரை உண்டு, தீனியில் கைவைக்க வழி உண்டு. என் கணக்கில் ரொட்டியைவிட அந்த வேலைதான் பெரிய பரிசு.

அதற்குப் பிறகு முகாமில் சுமார் நாற்பது சண்டைகள். அடி படாமல் விலகும் வித்தையால் 'வெண்பனிமூட்டம்' என்று பெயர் வந்தது. டச்சு வீரர் லீன் சாண்டர்ஸிடம் மட்டும் தோற்றார். விடுமுறை நாளில் பொழுதுபோக்கு தேடிய நாஜிக் காவலர்களும் கூடி நின்று பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதை வீரக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது.

திறமை இருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. 1931ல் ஃப்ளைவெயிட் உலக சாம்பியனான துனீசிய யூதர் விக்டர் பெரெஸும் ஆஷ்விட்ஸின் கிளை முகாமில் சண்டை போட்டவர்தான். 1945 ஜனவரியில், முகாமைக் காலிசெய்து கைதிகளை நடக்கவைத்துக் கொண்டுபோகும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

டெடி 1943ல் நொய்யன்காம முகாமுக்கு மாற்றப்பட்டார். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் பிரிட்டிஷ் படை வந்தபோது அங்கே உயிரோடு இருந்தார். நாடு திரும்பி உடற்பயிற்சி ஆசிரியரானார். 1991ல் பியெல்ஸ்கோ-பியாவாவில் இறந்தார். அங்கிருந்து ஆஷ்விட்ஸ் முப்பது கிலோமீட்டர் தூரம்தான்.