அடிக்கடி உடல்நலக் குறைவால் விடுப்பு எடுக்கும் பணியாளர்: பிரிட்டன் சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் வாழும் நம் மக்களில் மளிகைக் கடை, உணவகம், மருந்துக் கடை என்று சிறு தொழில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய இடங்களில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பல நேரங்களில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுபவர்கள். இந்த நெருக்கத்தினாலேயே சம்பளம், விடுப்பு பற்றிய பேச்சுகள் எழுத்தில் இல்லாமல் வாய் வார்த்தையாகவே நடந்துவிடுகின்றன. எல்லாம் சுமுகமாகப் போகும் வரை பிரச்சினை இல்லை. ஒரு பணியாளர் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை "உடம்பு சரியில்லை" என்று வராமல் இருக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

"வராத நாளுக்கு நான் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்?" என்று முதலாளி கேட்கிறார். "நோயாளியைக் கூடவா தண்டிப்பார்கள்?" என்று பணியாளர் கேட்கிறார். இருவருக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2026 ஏப்ரல் 6 முதல் அந்தச் சட்டம் பெரிய அளவில் மாறியும் இருக்கிறது. அதனால் இரு தரப்பாரும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எஸ்.எஸ்.பி. என்றால் என்ன?

பணியாளர் நோயுற்று வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு முதலாளி கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகைக்கு 'ஸ்டாட்யூட்டரி சிக் பே' என்று பெயர். சுருக்கமாக எஸ்.எஸ்.பி. என்பார்கள். இதை அரசு தருவதில்லை. முதலாளிதான் தன் பணத்திலிருந்து தர வேண்டும். முன்பு சிறு நிறுவனங்கள் இதில் ஒரு பகுதியை அரசிடமிருந்து திரும்பப் பெறும் வழி இருந்தது. அது 2014இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சம்பளத்தைப் போலவே இதற்கும் வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் பொருந்தும்.

2026 ஏப்ரலுக்கு முன் இருந்த முறையில் நோயுற்ற முதல் மூன்று வேலை நாட்களுக்கு எதுவும் கிடையாது. நான்காம் நாளிலிருந்துதான் பணம். வாரத்துக்குச் சராசரியாக 125 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. இப்போது அந்த இரண்டு தடைகளும் நீக்கப்பட்டுவிட்டன. நோயுற்ற முதல் நாளிலிருந்தே எஸ்.எஸ்.பி. உண்டு. எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும் உண்டு.

தொகை எவ்வளவு? வாரத்துக்கு 123.25 பவுண்ட், அல்லது அவருடைய சராசரி வாரச் சம்பளத்தில் 80 சதவீதம். இந்த இரண்டில் எது குறைவோ அது. ஆகவே வாரம் சுமார் 154 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்குத்தான் 80 சதவீதக் கணக்கு. மற்ற அனைவருக்கும் 123.25 பவுண்ட்.

ஒரு நாள் விடுப்புக்குக் கணக்கு

வாரத் தொகையை, அந்தப் பணியாளர் வழக்கமாக வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்வாரோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்து 400 பவுண்ட் சம்பாதிக்கும் கடைப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 123.25ஐ ஐந்தால் வகுத்தால் ஒரு நாளுக்கு 24.65 பவுண்ட். அவர் திங்களும் செவ்வாயும் காய்ச்சலில் படுத்துவிட்டால் 49.30 பவுண்ட் தர வேண்டும். பழைய முறையில் இதே இரண்டு நாளுக்கு ஒரு பென்ஸ்கூடத் தர வேண்டியதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று அடிக்கடி விடுப்பு எடுப்பவர்களைப் பற்றி முதலாளிகள் இப்போது அதிகம் கவலைப்படுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு கணக்கு. மாலை நேர மதரஸாவில் வாரம் எட்டு மணி நேரம் பாடம் நடத்தும் உஸ்தாத் ஒருவர், மணிக்கு 12.71 பவுண்ட் என்ற குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 101.68 பவுண்ட் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அவருக்கு எஸ்.எஸ்.பி. கிடையாது. இப்போது 80 சதவீதக் கணக்கில் வாரம் 81.34 பவுண்ட் உண்டு. வாரத்தில் நான்கு நாள் வகுப்பு என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 20 பவுண்ட். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மதரஸா நிர்வாகங்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கொடுத்து ஒருவரைப் பணியில் வைத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் நிர்வாகமும் ஒரு முதலாளிதான்.

28 வாரங்களும் 8 வார இடைவெளியும்

ஒரு நோய்க் காலத்துக்கு அதிகபட்சமாக 28 வாரங்கள் எஸ்.எஸ்.பி. பெறலாம். முழு வீதத்தில் இது 3,451 பவுண்ட். விட்டுவிட்டு நோயுறுபவருக்கு இதை எப்படிக் கணக்கிடுவது? இரண்டு நோய்க் காலங்களுக்கு இடையே 8 வாரம், அதாவது 56 நாள், அல்லது அதற்குக் குறைவான இடைவெளி இருந்தால் அவை ஒரே நோய்க் காலமாக இணைக்கப்படும். நோய் வேறு வேறாக இருந்தாலும் இணைப்பு உண்டு. ஜனவரியில் முதுகுவலி, பிப்ரவரியில் வயிற்றுப்போக்கு, மார்ச்சில் காய்ச்சல் என்றால் எல்லாம் சேர்ந்து ஒரே 28 வாரக் கணக்கில் கழியும். இடைவெளி 8 வாரத்துக்கு மேல் போனால் புதிய கணக்கு தொடங்கும். இணைக்கப்பட்ட காலங்கள் மூன்று ஆண்டுகளைத் தாண்டித் தொடர்ந்தால் எஸ்.எஸ்.பி. உரிமை முடிந்துவிடும்.

எஸ்.எஸ்.பி. தர இயலாது என்றாலோ முடிவுக்கு வருகிறது என்றாலோ, முதலாளி 'எஸ்.எஸ்.பி.1' என்ற படிவத்தைப் பணியாளருக்குத் தர வேண்டும். அதை வைத்துத்தான் அவர் அரசிடம் வேறு உதவிக்கு விண்ணப்பிக்க முடியும். "உனக்குக் கிடையாது" என்று வாயால் சொல்லி அனுப்புவது போதாது.

சான்று எப்போது கேட்கலாம்?

முதல் ஏழு நாட்களுக்கு மருத்துவச் சான்று கேட்க முடியாது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் இந்த ஏழில் சேரும். இந்த நாட்களுக்குப் பணியாளர் தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். ஏழு நாட்களைத் தாண்டினால் 'ஃபிட் நோட்' தர வேண்டும். இதை டாக்டர் மட்டுமல்ல, நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் தரலாம்.

'வேலைக்குத் தகுதியில்லை' என்பதோடு 'சில மாற்றங்கள் செய்தால் வேலைக்கு வரலாம்' என்றும் ஃபிட் நோட்டில் குறிப்பிட முடியும். பாரம் தூக்க வேண்டாம், நேரத்தைக் குறைக்கலாம் என்பது போன்ற குறிப்புகள் அவை. அந்த மாற்றங்களைச் செய்ய முதலாளியால் முடியவில்லை என்றால், பணியாளர் வேலைக்குத் தகுதியற்றவராகவே கருதப்படுவார், எஸ்.எஸ்.பி. தொடரும்.

வர முடியாததை எப்போது தெரிவிக்க வேண்டும் என்று முதலாளி முன்கூட்டியே விதி வைக்கலாம். விதி எதுவும் இல்லையென்றால் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். தக்க காரணமின்றித் தாமதமாகத் தெரிவித்தால், தாமதமான நாட்களுக்குப் பணத்தை நிறுத்தி வைக்கலாம். அதனால் வேலையில் சேரும்போதே இந்த விதியை எழுத்தில் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

முதலாளி என்ன செய்யலாம்?

அடிக்கடி விடுப்பு எடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக எஸ்.எஸ்.பி.யை மறுக்க முடியாது. அதற்காக முதலாளி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றும் பொருளல்ல.

முதலில், ஒவ்வொரு விடுப்பின் தேதியையும் சொல்லப்பட்ட காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் தனியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறது, வேலையால் வந்த நோயா, நாம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். கல்லாவில் வாடிக்கையாளர் முன்னிலையில் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். பல நேரங்களில் இந்த உரையாடலிலேயே உண்மைக் காரணம் வெளிவந்துவிடும். அது சர்க்கரை நோயாக இருக்கலாம், மன அழுத்தமாக இருக்கலாம், வீட்டில் நோயுற்ற தாயாராக இருக்கலாம்.

சில நிறுவனங்கள் 'பிராட்ஃபோர்டு' எண் என்ற கணக்கைப் பயன்படுத்துகின்றன. விடுப்பு எத்தனை முறை என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களால் மீண்டும் பெருக்குவார்கள். ஒரே தடவையில் 10 நாள் விடுப்பு என்றால் எண் 10. ஒவ்வொரு நாளாகப் பத்து முறை என்றால் எண் 1,000. சிறு சிறு விடுப்புகள் கடையை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை இது காட்டும். ஆனால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று இது நிரூபிக்காது. பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

நிலைமை தொடர்ந்தால் பணியாளரின் சம்மதத்துடன் மருத்துவ அறிக்கை கேட்கலாம். அவருடைய டாக்டரிடம் கேட்பதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதம் கட்டாயம். அதன் பிறகே எழுத்து மூலமான எச்சரிக்கை, திருந்துவதற்கு அவகாசம், மேல்முறையீட்டு வாய்ப்பு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும்.

எங்கே தவறிவிடக் கூடாது?

எஸ்.எஸ்.பி. தருவதைத் தவிர்ப்பதற்காகவே ஒருவரை வேலையை விட்டு நீக்கினால், நீக்கிய பிறகும் அந்தத் தொகையைத் தர வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு உண்டு.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் நோய், அச்சட்டப்படி 'ஊனம்' என்ற வரையறைக்குள் வரும். ஆஸ்துமா, நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் அதில் அடங்கக்கூடும். அத்தகையவருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவை மற்ற விடுப்புகளோடு சேர்த்து எண்ணி நடவடிக்கை எடுக்கக் கூடாது. பாகுபாட்டு வழக்குத் தொடுக்க, பணியாளர் இத்தனை ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அநியாயப் பணிநீக்க வழக்குக்கு இருந்த இரண்டு ஆண்டு நிபந்தனையும் 2027 ஜனவரி 1 முதல் ஆறு மாதமாகக் குறைகிறது.

நோய் விடுப்புக்குப் பதிலாக ஆண்டு விடுப்பைக் கழித்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. பணியாளர் தாமாக விரும்பிக் கேட்டால் மட்டுமே அது முடியும். நோயுற்றிருக்கும் காலத்திலும் ஆண்டு விடுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

பணியாளர்கள் கவனத்துக்கு

விசாவில் வேலை செய்யும் சகோதரர்களும் மாணவர்களும் எஸ்.எஸ்.பி. வாங்கினால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்று அஞ்சிக் கேட்காமலேயே விட்டுவிடக் கூடும். எஸ்.எஸ்.பி. முதலாளி தரும் ஊதியம். விசாவில் தடை செய்யப்பட்ட 'அரசு நிதி' என்ற பட்டியலில் அது இல்லை. ஆகவே அச்சமின்றிக் கேட்கலாம். ஆனால் சொல்லாமல் வேலைக்கு வராமல் இருப்பது வேறு விஷயம். ஸ்பான்சர்ஷிப்பில் உள்ளவர் அனுமதியின்றித் தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால் முதலாளி உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே உடல்நலம் குன்றிய முதல் நாளே எழுத்தில் தகவல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் வேலை செய்பவருக்கு இரண்டு முதலாளிகளிடமும் தனித்தனியே உரிமை உண்டு. விடுப்பில் ஊருக்குச் சென்ற இடத்தில் நோயுற்றாலும், முதலாளி உங்களுக்காக நேஷனல் இன்ஷூரன்ஸ் செலுத்தும் நிலையில் இருந்தால் உரிமை தொடரும். அங்குள்ள மருத்துவரின் சான்றை வாங்கி வர மறக்க வேண்டாம்.

பெருநாள் விடுப்பு, உம்ரா பயணம், ஊரில் திருமணம் ஆகியவற்றை 'உடம்பு சரியில்லை' என்ற கணக்கில் சேர்ப்பது முற்றிலும் தவறு. அது பொய்யும் ஆகும். பிறர் பணத்தை உரிமையின்றி எடுப்பதும் ஆகும். இப்படி ஒருவர் செய்வதால், உண்மையிலேயே நோயுற்ற அடுத்தவர் மீதும் சந்தேகம் விழுகிறது. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. அதிலிருந்து முன்கூட்டியே கேட்டு வாங்குவதுதான் முறை. முதலாளிகளும், பெருநாள் தேதி பிறை பார்த்து உறுதியாகும் என்பதை அறிந்தவர்களாக, ஒரு நாள் முன்னே பின்னே விட்டுக்கொடுக்கலாம்.

பிரச்சினை முற்றினால்

எஸ்.எஸ்.பி. மறுக்கப்பட்டால் முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலாளி, பணியாளர் ஆகிய இரு தரப்புக்கும் 'ஏகாஸ்' அமைப்பு 0300 123 1100 என்ற எண்ணில் இலவச ஆலோசனை தருகிறது. ஜமாஅத் பெரியவர்கள் மத்தியஸ்தம் செய்வது நல்லதே. ஆனால் சட்டம் வைத்துள்ள குறைந்தபட்சத் தொகையை யாரும் பேசிக் குறைத்துவிட முடியாது. பணியாளரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் அது செல்லாது.

கடை நடத்துபவர்கள் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் விடுப்புப் பதிவைத் தொடங்குங்கள். தகவல் தெரிவிக்கும் விதியை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்கவுண்டன்ட் புதிய வீதத்துக்கு மாறிவிட்டாரா என்றும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.