மோட்டார் வண்டி வாங்குவோர் அறிய வேண்டியவை

உழவு மாடு வாங்கச் சென்ற நம் முன்னோர், விற்பவன் சொல்லை மாத்திரம் நம்பி முன்பணம் கொடுத்ததில்லை. பல்லைப் பிடித்து வயதை அறிந்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுக் காலின் குறையைக் கண்டார்கள், அதன் பின்னரே விலை பேசினார்கள். மாட்டிலும் பன்மடங்கு விலையுடைய மோட்டார் வண்டியை வாங்கும்போதோ, கற்றவர்களாகிய நாம் விற்பனை நிலையத்தின் மினுக்கத்திலும் விற்பனையாளரின் இன்சொல்லிலும் மயங்கி, அரைமணி நேரத்தில் கையொப்பமிட்டு விடுகின்றோம்.

விற்பவர் எல்லோரும் வஞ்சகர் என்பது என் கருத்தன்று. குறை வேறிடத்தில் உள்ளது. வண்டியின் நிறைகுறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு இதனை விளக்கினார். நல்லதையும் பழுதானதையும் பிரித்தறிய இயலாதவர், இரண்டிற்கும் நடுத்தரமான விலையையே கொடுக்க முன்வருவார். அவ்விலை கட்டாதென நல்ல வண்டியின் சொந்தக்காரர் சந்தையை விட்டு விலக, பழுதான வண்டிகளே அங்கு மிகும். இவ்வாய்வுக்காக 2001ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஆகவே, வாங்குபவரின் முதற் கடமை தம் அறியாமையைக் குறைத்துக்கொள்வதே.

இலங்கையில் இக்கடமை மேலும் பெரிது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின. விற்பவர் சொன்னதே விலையாயிற்று. கேள்வி கேட்கும் வழக்கத்தையே பலர் அக்காலத்தில் மறந்துவிட்டனர்.

விற்பனை நிலையத்தினுள் நுழையுமுன், ஒரே வகை, ஒரே ஆண்டு வண்டியின் விலையைக் குறைந்தது மூன்று இடங்களில் விசாரியுங்கள். உங்களால் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். யப்பானில் ஓடிய வண்டியாயின், அங்குள்ள ஏலத்தில் அதற்கு வழங்கப்பட்ட தாளைக் கேளுங்கள். ஓடிய தூரம், உடலின் காயங்கள், தர இலக்கம் ஆகியன அதில் உள. தரத்தைக் குறிக்கும் இடத்தில் 'ஆர்' என்னும் எழுத்து இருப்பின், விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி என்பது பொருள். தாளிலுள்ள சேசிஸ் இலக்கம் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்கின்றதா என்று பாருங்கள். உங்கள் நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் பரிசோதிப்பியுங்கள்.

அடுத்து விலைபேசுதல். வண்டியின் விலை, நீங்கள் மாற்றாகக் கொடுக்கும் பழைய வண்டியின் பெறுமதி, கடன் வட்டி ஆகிய மூன்றும் மூன்று தனிக் கணக்குகள். அவற்றை ஒன்றாகக் குழைக்கும் கேள்வி ஒன்றுண்டு: "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?"

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஐம்பத்தைந்தாவது வயதில் கார் வாங்கச் சென்றார். கடன் 20 இலட்சம் ரூபா. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. தவணை ஐந்து ஆண்டு. மாதம் 50,000 ரூபா வந்தது. அது பாரம் என்றார். விற்பனையாளர் தவணையை ஏழு ஆண்டாக்கி, மாதம் 40,476 ரூபாவாகக் குறைத்துக் கொடுத்தார். நண்பர் மகிழ்ந்து எமக்கெல்லாம் இனிப்பு வழங்கினார். மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்து ஆண்டில் வட்டி 10 இலட்சம்; ஏழு ஆண்டில் 14 இலட்சம். அதுமட்டுமன்று, அறுபதாவது வயதில் ஓய்வு பெறும் அவர், ஓய்வூதியத்திலிருந்தும் இரண்டு ஆண்டு தவணை கட்ட வேண்டும். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். கையொப்பமோ ஏற்கெனவே இடப்பட்டுவிட்டது.

இக்கணக்கில் இன்னுமொரு நுட்பம் உண்டு. மாதந்தோறும் முதல் குறைந்து வந்தாலும், வட்டி மாத்திரம் ஆரம்பக் கடன் முழுவதற்கும் இறுதிவரை அறவிடப்பட்டது. எஞ்சிய கடனுக்கு மாத்திரம் வட்டி எனக் கணக்கிட்டால், ஐந்தாண்டுத் தவணையில் அந்தப் பத்து வீதம் உண்மையில் பதினேழு வீதத்துக்கும் சற்று மேலாகும். ஆதலின், "எஞ்சிய கடனுக்கு வட்டி எத்தனை வீதம்? முடிவில் நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு?" என்னும் இரு கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள்.

பத்திரங்களிலும் கவனம் வேண்டும். பதிவுச் சான்றிதழில் பதிவு பெற்ற உடைமையாளர் பெயரோடு, முழு உடைமையாளராக நிதி நிறுவனமொன்றின் பெயரும் இருக்கக்கூடும். அவ்வாறாயின், பழைய கடன் தீர்ந்ததற்கான சான்றின்றிப் பணம் கொடுக்கலாகாது. பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பாரின் சொல்லையும் ஏற்க வேண்டாம். வாய்மொழி உத்தரவாதம் காற்றோடு போகும்; எழுதிய உத்தரவாதமே நிற்கும். குறை நேரின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, விற்பனை நடந்து மூன்று மாதத்துள் எழுத்துமூலம் முறையிடலாம்.

நேயர்களே, பேரத்தில் வாங்குபவரின் பெரும் பலம் உரத்த குரலன்று; "யோசித்து நாளை வருகின்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி எழுந்து வரும் துணிவே. இன்றைக்கு மாத்திரமே இவ்விலை என்பாரிடம் இன்றைக்கே வாங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. பல ஆண்டு உழைப்பின் பயனை ஒரு கையொப்பத்தில் ஒப்படைக்கின்றோம். அதற்கு முன் ஓர் இரவேனும் வீட்டாரோடு அமர்ந்து கணக்குப் பார்ப்பது நம் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.