மண்ணுக்குரிய வைக்கோல்

ஐப்பசி பிறந்ததும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லறுத்த வயல்களில் தீ மூட்டப்படுகின்றது. டில்லிவாசிகளுக்கு மூச்சு முட்டும்போதுதான் பத்திரிகைகளுக்கும் இது செய்தியாகிறது. மண் அடையும் நஷ்டமோ ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. பஞ்சாபில் மாத்திரம் ஆண்டுதோறும் சுமார் 2 கோடி டன் வைக்கோல் விளைகின்றது. உலர்ந்த வைக்கோலில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கரிச்சத்து. வயலிலேயே மட்கினால், அதில் சிறு பகுதியேனும் மண்ணில் தங்கி ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும்; கொளுத்தினால் பெரும்பாலும் ஆகாயத்திற்கே போய்விடும்.

குடியானவன் அறியாமையால் எரிக்கிறான் என்போரை நாம் ஒப்போம். நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டு, ஜூன் 10-ந் தேதிக்கு முன் நாற்று நடலாகாதென்று பஞ்சாப் சர்க்கார் 2009-ல் சட்டம் செய்தது. நோக்கம் நல்லதே. ஆயின் நடவு தள்ளவே அறுப்பும் தள்ளிற்று. கோதுமை விதைப்புக்கு முன் எஞ்சுவது இரண்டு மூன்று வாரமே. அறுவடை யந்திரமோ தாளை வயலில் விட்டுப் போகின்றது. அந்த அவசரத்தில் தீக்குச்சியினும் மலிவான கருவி அவனுக்கு ஏது?

எரிப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடுத்து, அபராதமும் விதித்தது. தாளை எரிக்காமலே கோதுமை விதைக்கும் 'ஹாப்பி ஸீடர்' யந்திரத்துக்கு மத்திய சர்க்கார் 2018 முதல் உதவித்தொகை தரத் தொடங்கிற்று. வருஷத்தில் சில வாரங்களே ஓடும் யந்திரத்தை, உதவித்தொகை போக மீதியைக் கடன்பட்டு வாங்க ஐந்து ஏக்கர்க்காரனால் இயலுமா? அறுப்புக்கு முன்பே ஒவ்வொரு கிராமத்திலும் அது வாடகையின்றிக் கிடைக்கச் சர்க்கார் செய்யட்டும்; அதன்பின் அபராதத்தைப் பற்றிப் பேசுவோம்.