திருவருகைக் காலம் (நாஞ்சில் நாடு)

திருவருகைக் காலம் என்பது கிறித்துப் பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய வழிபாட்டுக் காலம் ஆகும். 'வருகை' என்னும் பொருளுடைய 'அத்வெந்துஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இதன் பெயர் தோன்றியது. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில், இக்காலம் தொடங்கும். திருச்சபையின் வழிபாட்டு ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது.

பொருள்

இக்காலம் கொண்டாட்டத்திற்கு உரியதன்று, காத்திருப்பதற்கு உரியது. கத்தோலிக்க வழிபாட்டில் இது இரு பகுதிகளாக அமைகிறது. டிசம்பர் 16 வரை கிறித்துவின் இரண்டாம் வருகை பற்றிய வாசகங்கள் முதன்மை பெறுகின்றன. டிசம்பர் 17 முதல் அவரது பிறப்புக்கான நேரடித் தயாரிப்பு தொடங்குகிறது. எசாயா இறைவாக்கினர், திருமுழுக்கு யோவான், மரியா ஆகியோர் இக்காலத்தின் முக்கிய மாந்தர்கள்.

அமைதிக்கான வழிமுறைகள்

கோவிலுக்குள் நுழைபவர் இக்காலத்தின் அடக்கத்தை எளிதில் உணரலாம். குருவின் திருவுடை ஊதா நிறத்துக்கு மாறுகிறது. மூன்றாம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பு நிறம் அனுமதிக்கப்படுகிறது. ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடல் பாடப்படுவதில்லை. பீட அலங்காரமும் இசைக்கருவிகளின் பயன்பாடும் அளவோடு இருக்க வேண்டும் என்பது விதி. வாசகங்களுக்குப் பின்னும் நற்கருணைக்குப் பின்னும் சிறிது நேரம் மௌனம் காக்கப்படுகிறது. பலர் ஒப்புரவு அருட்சாதனம் பெறுவதும் இந்நாட்களில்தான்.

வாரம் ஒன்றாக ஏற்றப்படும் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட வளையம் பிற்காலத்தில் வந்த வழக்கம். செருமனியின் ஆம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோகான் இன்றிச் விச்சர்ன், 1839-இல் ஒரு சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி, கிறித்துமசுக்கு எத்தனை நாள் உள்ளது என்று சிறுவர்களுக்குக் காட்டினார். அதுவே இன்றைய வளையத்தின் முன்னோடி.

நாஞ்சில் நாட்டில்

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 46.85 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். கோட்டாறு (1930), குழித்துறை (2014) ஆகிய கத்தோலிக்க மறைமாவட்டங்களும், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் இங்குள்ளன. ஆகவே இக்காலம் ஊரின் பொது வாழ்விலும் தெரிகிறது.

நாகர்கோவிலின் வடசேரிப் பகுதி பேருந்து நிலையமும் கனகமூலம் சந்தையும் கொண்ட இரைச்சல் மிகுந்த இடம். டிசம்பரில் கடைகளில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடும். அதே ஊரின் கோட்டாற்றில் தூய சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை தேர்ப்பவனியுடன் நடைபெறும். நிறைவு நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. எனவே இங்கு காத்திருப்பின் காலம் பெரும்பாலும் திருவிழாக் கூட்டத்தின் நடுவேதான் தொடங்குகிறது. விழாக் கடைகள் கலைந்த பிறகே பேராலயத்தில் அமைதி திரும்புகிறது. 1752-இல் கொல்லப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் கல்லறையும் அங்கு உள்ளது. 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. திருவருகைக் காலத்தின் இரண்டாம் பகுதியும் ஏறத்தாழ அதே நாளில் தொடங்குவதால், இந்துக்களின் வைகறை வழிபாடும் கிறித்தவர்களின் தயாரிப்பும் ஒரே பருவத்தில் அமைகின்றன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழாவும் இப்பருவத்ததே.

2017: ஒக்கி புயலும் காத்திருப்பும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. வீட்டுத் தலைவர் எப்போது வருவார் எனத் தெரியாததால் விழிப்பாயிருங்கள் என்னும் மாற்கு நற்செய்திப் பகுதியே அந்த ஞாயிறுக்கு உரியது. டிசம்பர் 7 அன்று, காணாமற்போனோரைத் தேடக் கோரி மக்கள் குழித்துறையில் தொடர்வண்டிப் பாதையில் அமர்ந்தனர். டிசம்பர் 10-க்கு உரிய முதல் வாசகம், பாபிலோன் அடிமைத்தனத்தில் வாடிய மக்களுக்கு ஆறுதல் அறிவிக்கும் எசாயா நூலின் 40-ஆம் அதிகாரம்.

இவ்வாசகங்கள் அவ்வாண்டுக்கெனத் தெரிவு செய்யப்பட்டவை அல்ல. மூன்றாண்டுச் சுழற்சியில் இயல்பாக வந்தவை. ஆயினும் கடலிலிருந்து செய்தி எதிர்பார்த்திருந்த வீடுகளில் 'காத்திருத்தல்' என்ற சொல்லுக்கு உருவகப் பொருள் தேவைப்படவில்லை. காத்திருந்தவர்களில் பலருடைய உறவினர்கள் திரும்பவே இல்லை.

திருவருகைக் காலத்தின் ஆறுதல் துயரை மறைப்பதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. எசாயாவின் ஆறுதலும் வீடிழந்தோருக்கே சொல்லப்பட்டது. விடை கிடைக்காத நிலையிலும் ஒருவர் மற்றவரோடு அமர்ந்திருக்க இடமும் நேரமும் தருவதே கோவிலின் மௌனம் ஆற்றும் பணி. டிசம்பர் 24 மாலை முதல் திருப்புகழ் மாலையோடு கிறித்து பிறப்புக் காலம் தொடங்க, இக்காலம் நிறைவுறுகிறது.