பிச்சாவரத்துச் சுரபுன்னை

கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புடையது. அங்கே உப்பங்கழிக் கரைகளில், வில்போல் வளைந்த வேர்களை நீருக்குள் ஊன்றி நிற்கும் மரம் சுரபுன்னை. அமெரிக்கக் கடற்கரைகளில் செங்கண்டல் எனப்படும் மரத்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் ரைசோஃபோரா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இதன் பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. தோல் பதனிடுவோர் ஒரு காலத்தில் இதனை விரும்பியது அதனாலேயே.

நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு அரிது. எனவே ஊன்றுவேர்கள் தம் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றைப் பெறுகின்றன. கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை வேர்களே வடிகட்டி விடுகின்றன. அருகில் வளரும் வெண்கண்டலோ உப்பை உள்வாங்கி, இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காயைப்போல் ஓரடிக்கு மேலும் நீள்கிறது. உதிர்ந்தபின் சேற்றில் குத்தி நிற்கும். அல்லது மிதந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும்.

இத்தனை தகவமைப்புகள் இருந்தும் இம்மரம் எல்லாவற்றையும் தாங்குவதில்லை. அலைநீர் முறையாக வந்து மீளுதல் வேண்டும்; ஆற்றின் நன்னீரும் கலத்தல் வேண்டும். நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு மிகுந்த முத்துப்பேட்டையில் வெண்கண்டலே பெரும்பான்மையாக இருப்பது இதற்குச் சான்று.

பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970-களின் நடுப்பகுதி வரை, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முற்றாக வெட்டும் முறை இருந்து வந்தது. வெட்டிய இடத்தில் மரங்கள் தாமே தழைக்கும் எனக் கருதப்பட்டது. நடந்தது வேறு. நிழலிழந்த மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த அலைநீர் வெளியேற வழியின்றி ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அந்த உப்பில் எந்த நாற்றும் பிழைக்கவில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சிற்றூர் மக்களும் சேர்ந்து மேற்கொண்ட சீரமைப்பு, நாற்றிலிருந்து அன்று, நீரிலிருந்து தொடங்கியது. மீன் முள்ளின் வடிவில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அலைநீர் உட்புகுந்து வெளியேறியதால் உப்பு குறைந்தது. அதன் பின்னரே நடவு பயன் தந்தது.

பிச்சாவரம் 2022-இல் ராம்சார் தலமாயிற்று. 2023-இல் மத்திய அரசு அலையாத்திக் காடுகளுக்கென ‘மிஷ்டி’ திட்டத்தை அறிவித்தது. இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளில் நட்ட நாற்றுகளின் எண்ணிக்கை முதலிடம் பெறுவது வழக்கம்; எண்ணுவதற்கு அது எளிது. ஆனால் கால்வாய்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வாராவிடில் பழைய உப்பே திரும்பும். நடவு முடிந்து கணக்கும் முடிக்கப்பட்ட பின் வரும் இச்செலவுக்கு, திட்ட மதிப்பீட்டிலேயே தனியே நிதி ஒதுக்கப்பட வேண்டும்.