லேக்காக் மடம்

லேக்காக் மடம் இங்கிலாந்தின் வில்ட்சையர் பகுதியில், லேக்காக் என்னும் சிற்றூரில் உள்ள இடைக்காலக் கன்னியர் மடம் ஆகும். சாலிஸ்பரி கோமாட்டி எலா, தம் கணவர் வில்லியம் லாங்கெஸ்பி 1226-இல் இறந்த பின்னர், 1232-இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். கணவர் வகித்த வில்ட்சையர் ஷெரிஃப் பதவியையும் அவரே ஏற்று நடத்தினார். அக்காலப் பெண்களுக்கு இது மிக அரிது. பிறகு துறவு பூண்டு மடத் தலைவியாகவும் இருந்தார். புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிய கன்னியர் ஏறத்தாழ 300 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தனர்.

மடம் மாளிகையானது

எட்டாம் ஹென்றி மன்னர் நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது, 1539-இல் இதுவும் மூடப்பட்டது. கூரை ஈயத்தையும் கல்லையும் பறிகொடுத்த பல மடங்கள் இன்று வெறும் சுவர்களாக நிற்கின்றன. லேக்காக்கை விலைக்கு வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் கோவிலை இடித்துவிட்டார். ஆனால் நடுமுற்றத்தைச் சூழ்ந்த கல் தாழ்வாரங்களையும் அவற்றை ஒட்டிய அறைகளையும் அப்படியே விட்டு, மேல்தளத்தைத் தம் வீடாக்கிக் கொண்டார். மடம் தப்பியது பக்தியால் அன்று, சிக்கனத்தால் என்றே சொல்லத் தோன்றுகிறது. இதே ஷாரிங்டன் பின்னாளில் பிரிஸ்டல் நாணயச்சாலையில் மோசடி செய்து பிடிபட்டு, மன்னிப்புப் பெற்றார்.

ஒரு சன்னலின் படம்

பின்னர் மாளிகை டால்பட் குடும்பத்திற்கு வந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், வெள்ளி உப்புப் பூசிய தாளைச் சிறு மரப்பெட்டிக்குள் வைத்து, 1835 ஆகஸ்டில் இங்குள்ள ஒரு சன்னலைப் படமெடுத்தார். இன்று எஞ்சியுள்ள நெகட்டிவ்களில் மிகப் பழையது இதுவே. அளவு ஏறக்குறைய ஓர் அஞ்சல்தலைதான். வெளிச்சம் பட்ட இடம் கறுத்ததால் படத்தில் ஒளியும் நிழலும் இடம் மாறியிருந்தன. அதை மற்றொரு தாளில் பதித்தால் நேரான படம் கிடைக்கும். அப்படி எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். பிரான்சில் டாகெர் உருவாக்கிய முறையில் ஒரு தகட்டில் ஒரு படம் மட்டுமே. ஃபிலிம் கேமராக்கள் பின்பற்றியது டால்பட்டின் வழியைத்தான்.

இன்றைய பயன்பாடு

1944-இல் மட்டில்டா டால்பட் மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்தார். நுழைவாயில் அருகே ஃபாக்ஸ் டால்பட் பெயரில் ஒளிப்பட அருங்காட்சியகம் இயங்குகிறது. ஹாரி பாட்டர் படங்களில் வரும் பள்ளியின் சில தாழ்வாரங்களும் வகுப்பறைகளும் இங்கே படமாக்கப்பட்டவை. ஊர் காட்சிப்பொருளாகிவிடவில்லை, பழைய கல்வீடுகளில் இன்றும் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மடத்தில் நூற்றாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்ட 1225-ஆம் ஆண்டின் மகாசாசனப் படி மட்டும் இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.