பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிநாடு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சிங்கப்பூர் வெளிநாடு என்ற எண்ணமே வருவதில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் இங்கும் அங்கும் வெள்ளைக்காரர் ஆட்சிதான். 1924இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்க்கவும், தேக்காவில் புடவை எடுக்கவும் லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்து புறப்பட்டு விடுகிறது. ஆனால் 1965 ஆகஸ்டு 9 முதல் அது தனி நாடு. அதன் சட்டங்களும் தனி. அந்தச் சட்டங்கள் பாலத்தின் மறுமுனையிலேயே நம்மைச் சந்திக்கின்றன. ஆகவே பயண ஏற்பாட்டை வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் கடப்பிதழ். அடையாள அட்டை மட்டும் போதாது. கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பழைய தோட்டக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரமே இல்லாதவர்களும், பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பவர்களும் உண்டு. அவர்கள் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஓடிப் பயனில்லை. பல மாதங்களுக்கு முன்பே பதிவு இலாகாவில் கேட்டுச் சரி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, மின்வழி வருகை அட்டை. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் இதை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல. படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுக்கலாம்.

இனி, பை. ஒருமுறை என் அத்தையை அழைத்துப் போயிருந்தேன். துணிமணி, சீப்புப் பலகாரம் எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை மட்டும் பார்க்கவில்லை. அதில் வெற்றிலை பாக்கோடு புகையிலைத் துண்டு! மெல்லும் புகையிலையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அத்தைக்கு இது தெரியாது; வாத்தியாராகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகையிலை போனதற்காக அத்தை அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. வெற்றிலையும் பாக்கும் தேக்காவிலேயே கிடைக்கும். ஆனால் போட்டுக்கொண்டு சாலையில் துப்பினால் அதுவும் குற்றம்.

சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை. பிரித்த பாக்கெட்டாக இருந்தாலும் நாமே அதிகாரியிடம் சொல்லி வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு மதுவுக்கும் வரிவிலக்கு கிடையாது. மின்சிகரெட்டைத் தொடவே வேண்டாம். மெல்லும் கோந்து மிட்டாய்க்கு 1992 முதல் தடை. பட்டாசுக்கு 1972 முதல். வயதானவர்களின் மருந்துகளை அதனதன் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். சிலவகை இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன் அனுமதி தேவை.

பேருந்தில் போகிறவர்கள் இரண்டு பக்கச் சாவடியிலும் எல்லாச் சாமான்களோடும் இறங்க வேண்டும். பேருந்து காத்திருக்காது, சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த வண்டியில் ஏறலாம். லிட்டில் இந்தியாவில் வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பின், 2015இல் வந்த சட்டப்படி, சனி ஞாயிறுகளில் அவ்வட்டாரத்துப் பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. அண்ணன் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. நம் பணமும் வெள்ளிதான், அவர்கள் பணமும் வெள்ளிதான். ஆனால் அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். ஆசை வருவது இயல்பு. "சுற்றுலா போவதுபோல் போ, வேலையை நான் பார்த்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொந்த மாமனாக இருந்தாலும் நம்பாதீர்கள். வருகையாளர் அனுமதியில் வேலை செய்வது குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அனுமதி முடிந்து தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கினால் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. முறையான வேலை என்றால் முதலாளியோ முகவரோ மனிதவள அமைச்சில் விண்ணப்பித்திருப்பார். கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் உங்கள் கைக்கு வரும். மாதச் சம்பளம் எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்தம் என்று அதில் எழுதியிருக்கும். சொன்ன சம்பளமும் எழுதிய சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிங்கப்பூர் முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை. அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து, புறப்படுவதற்கு முன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.